கல், மண், புல்: பழைய அமெரிக்காவின் கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்துக் கட்டடங்களைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

கொலம்பஸ் 1492இல் கரீபியத் தீவுகளை அடைவதற்கு முன்பும், ஸ்பானியப் படைகள் 1521இல் அஸ்டெக் தலைநகரையும் 1530களில் இன்காப் பேரரசையும் கைப்பற்றுவதற்கு முன்பும், அமெரிக்கக் கண்டங்களின் மக்கள் தாமே எழுப்பிய கட்டடங்களைப் பற்றி. ‘இடைக்காலம்’ என்ற பிரிவு ஐரோப்பிய வரலாற்றுக்காக வகுக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு அது சரியாகப் பொருந்தாது. அங்கே கி.மு. 3000க்கு முன்பே தொடங்கிய கட்டடக்கலை கி.பி. 1500 வரை பல இடங்களில், பல மக்களால், ஒருவரை ஒருவர் அறிந்தும் அறியாமலும் வளர்ந்தது. பெரு, பொலிவியா ஆகிய ஆண்டிஸ் நாடுகள், மெக்சிகோவும் குவாத்தமாலாவும் அடங்கிய மெசோஅமெரிக்கா, இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் என மூன்று பகுதிகளிலிருந்து இங்கே எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன.

இவற்றுள் மிகப் பழையது எது?

பெருங்கட்டடங்கள் கொண்ட நகரம் என்று பார்த்தால், பெருவின் சூப்பே பள்ளத்தாக்கில் உள்ள காரால்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். கி.மு. 2600ஐ ஒட்டியே இங்கு மேடைப் பிரமிடுகளும் தரையில் தோண்டி அமைத்த வட்ட முற்றங்களும் இருந்தன. எகிப்தில் கீசாவின் பெரிய பிரமிடு எழும்பிய காலமும் ஏறத்தாழ அதுவே. பெருவின் தொல்லியலாளர் ரூத் ஷாடி 1990களில் இங்கு அகழாய்வைத் தொடங்கினார்; காலக்கணிப்பு முடிவுகள் 2001இல் வெளிவந்தபோதுதான் அதன் பழைமை உலகுக்குத் தெரிந்தது. 2009இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

காராலில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் உயரம் அல்ல, அதன் உட்புறம். மேடைகளின் வயிற்றை நிரப்ப அவர்கள் கற்களை அப்படியே கொட்டவில்லை. கோரை போன்ற புல்லைப் பின்னி வலைப்பைகள் செய்து, அவற்றில் கற்களை நிரப்பி, பையோடு சேர்த்தே உள்ளே அடுக்கினார்கள். ‘சிக்ரா’ எனப்படும் இந்தப் பைகளால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. கற்கள் சரிந்து வெளிச்சுவரைத் தள்ளாமல் பை அவற்றைப் பிடித்துக்கொண்டது. நிலம் அதிரும்போது பைகள் சற்றே நகர்ந்து அமைந்துகொள்ள இடமும் இருந்தது. நமக்கு மூன்றாவது நன்மையும் உண்டு. புல் ஒரே பருவத்தில் வளர்ந்து அறுக்கப்படுவது. ஆகவே அதன் கதிரியக்கக் கரிமத்தை அளந்தால் பை பின்னிய காலம் நேரடியாகத் தெரிந்துவிடுகிறது. பழைய மரத்துண்டை அளக்கும்போது மரம் எப்போது வெட்டப்பட்டது, எத்தனை முறை திரும்பப் பயன்பட்டது என்று எழும் ஐயம் இதில் எழுவதில்லை. இத்தனை பெரிய கட்டடங்களை எழுப்பிய அந்த மக்களிடம் மட்பாண்டம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பிரமிடுகளும் எகிப்தியப் பிரமிடுகளும் ஒரே வகையா?

வெளித்தோற்றத்தில் மட்டுமே ஒத்தவை. எகிப்தியப் பிரமிடு அரசனின் கல்லறை. முடிந்தபின் வழவழப்பான பக்கங்களோடு மூடப்பட்டது, அதன்மேல் யாரும் ஏற வேண்டியதில்லை. அமெரிக்கப் பிரமிடு பெரும்பாலும் ஒரு பீடம். அதன் உச்சியில் கோயிலோ வேறு கட்டடமோ இருக்கும். அங்கே செல்லப் படிக்கட்டு இருக்கும். கீழே திறந்த முற்றத்தில் மக்கள் கூடுவார்கள். உள்ளே கல்லறை இருப்பதும் உண்டு, ஆனால் அதுவே எல்லாவற்றுக்கும் காரணம் அல்ல. இரும்போ கான்கிரீட்டோ இல்லாமல் உயரமாக ஒன்றை எழுப்ப விரும்பும் எவரும் அடியை அகலமாகவும் மேலே செல்லச் செல்லக் குறுகலாகவும் அமைத்தே ஆக வேண்டும் என்பதால் வடிவம் ஒத்துப்போகிறதே தவிர, ஒருவரைப் பார்த்து மற்றவர் கட்டியதால் அல்ல.

ஒரு பிரமிடுக்குள் இன்னொரு பிரமிடு இருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. மெசோஅமெரிக்கக் கட்டடக்கலையைப் புரிந்துகொள்ள இதுவே சிறந்த வாசல். அங்கே பழைய கோயிலை இடித்துத் தள்ளிவிட்டுப் புதியதைக் கட்டுவதைவிட, பழையதை உள்ளே வைத்து அதன்மேல் பெரியதாகக் கட்டுவதே வழக்கம். புதிய அரசர் பட்டமேற்றதோ, ஒரு காலச் சுற்று முடிந்ததோ, ஒரு வெற்றியோ அதற்குக் காரணமாக இருக்கலாம். இதனால் ஒரே மேட்டைத் துளைத்துச் சென்றால் பல தலைமுறைகளின் முகப்புகள் வரிசையாகக் கிடைக்கின்றன.

ஹோண்டுராஸ் நாட்டின் கோப்பான் நகரில் 16ஆம் எண் கோயிலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது, 1989இல் தொல்லியலாளர் ரிக்கார்டோ அகுர்சியா ஒரு முழுக் கோயிலைக் கண்டார். ரோசாலிலா என்று பெயரிடப்பட்ட அந்தக் கோயிலை மாயா மக்கள் இடிக்காமல், அதன் சுதை உருவங்கள் உடையாதபடி பார்த்துப் பார்த்து மண்ணாலும் கல்லாலும் நிரப்பி மூடியிருந்தார்கள். சிவப்பு வண்ணம்கூட மிஞ்சியிருந்தது. இன்று நாம் காணும் மாயா நகரங்கள் சாம்பல் நிறக் கற்களாகக் காட்சியளிப்பதால் அவை எப்போதும் அப்படித்தான் இருந்தன என்று எண்ணுகிறோம். ரோசாலிலா அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. கோப்பான் அருங்காட்சியகத்தில் அதன் முழு அளவு மாதிரி வண்ணத்தோடு நிற்கிறது. முதலில் பார்ப்பவர்களுக்கு அது சற்று மிகையாகத் தோன்றும். ஆனால் மிகையாகத்தான் கட்டினார்கள்.

மெக்சிகோவின் மாயா நகரமான சிச்சென் இட்சாவின் எல் காஸ்டியோ பிரமிடுக்குள்ளும் பழைய பிரமிடு ஒன்று உண்டு. 1930களில் அதன் உச்சி அறையில், பச்சைக் கற்கள் பதித்த சிவப்புச் சிறுத்தை வடிவ இருக்கை ஒன்று கிடைத்தது. மெக்சிகோ நகரில் அஸ்டெக் மக்களின் பெருங்கோயிலான தெம்ப்ளோ மயோர் ஏழு கட்டங்களாக ஒன்றின்மேல் ஒன்று வளர்ந்தது. 1521க்குப் பின் ஸ்பானியர் அதன் வெளிப்புறக் கட்டங்களைத் தகர்த்தாலும், உள்ளே இருந்த பழைய கட்டம் ஒன்று உச்சிக் கோயில்களின் கீழ்ச்சுவர்களோடு தப்பியது. அழித்தவர்கள் மேலே இருந்ததை மட்டுமே அறிந்திருந்தார்கள்.

உலகின் மிகப் பெரிய பிரமிடு எது?

கன அளவில் மெக்சிகோவின் சோலுலா. உயரத்தில் கூஃபு பிரமிடு எனப்படும் கீசாவின் பெரிய பிரமிடே பெரியது. ஆனால் சோலுலாவின் அடிப்பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். இதுவும் பல கட்டங்களாக வளர்ந்ததே. ஸ்பானியர் வந்தபோதே இதன்மேல் புல்லும் மரமும் மூடி இயற்கையான குன்றுபோல் இருந்தது. உச்சியில் தேவாலயம் ஒன்றை எழுப்பினார்கள், அது இன்றும் வழிபாட்டில் உள்ளது. மேலே இருப்பதை அகற்ற முடியாது என்பதால், 1931 முதல் தொல்லியலாளர்கள் உள்ளே சுரங்கங்கள் தோண்டித்தான் இதை ஆராய்ந்தார்கள். அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்.

தியோதிவாகானைக் கட்டியவர்கள் அஸ்டெக் மக்களா?

இல்லை. இந்தத் தவறு பயணக் கையேடுகளில்கூட வந்துவிடுகிறது. மெக்சிகோ நகருக்கு வடகிழக்கே உள்ள இந்த நகரம் கி.பி. முதல் நூற்றாண்டுகளில் செழித்து, கி.பி. 550ஐ ஒட்டி அதன் நடுப்பகுதி எரிக்கப்பட்டு வீழ்ந்தது. அஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரை 1325இல்தான் நிறுவினார்கள். அவர்கள் வந்தபோது இது ஏற்கெனவே பழைய இடிபாடு. சூரியப் பிரமிடு, சந்திரப் பிரமிடு, இறந்தோர் வீதி என்று இன்று வழங்கும் பெயர்களெல்லாம் அவர்கள் வழியாக வந்தவை.

சூரியப் பிரமிடின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். அடிப்பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 225 மீட்டர். ஆனால் தியோதிவாகானின் உண்மையான சிறப்பு, நகர மக்களில் பெரும்பாலோர் கல்லாலும் சாந்தாலும் கட்டிய பன்மனை வளாகங்களில் வாழ்ந்தது என்பேன். நடுவே முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக அமைந்த ஏறத்தாழ 2000 வளாகங்கள் ஒரே திசைக்கட்டில் வரிசையாக நின்றன. சில வளாகங்களின் சுவர்களில் ஓவியங்களும் உண்டு. அரண்மனையையும் கோயிலையும் விட்டுவிட்டுச் சாதாரண மக்களின் வீட்டைத் தேடும் வாசகருக்குப் பழைய உலகில் இப்படி ஒரு நகரம் எளிதில் கிடைக்காது.

2003இல் பெய்த மழையில், இறகுப் பாம்புப் பிரமிடின் முன்னே தரையில் ஒரு குழி விழுந்தது. அதன்வழி இறங்கிய தொல்லியலாளர் செர்ஹியோ கோமெஸ், பழங்காலத்திலேயே அடைத்து மூடப்பட்ட ஒரு சுரங்கப்பாதையைக் கண்டார். ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள அதைக் கவனமாக அகழ்ந்து செல்லப் பல ஆண்டுகள் ஆயின. அதன் முடிவில் திரவப் பாதரசம் கிடைத்த செய்தி 2015இல் வெளிவந்தது.

மாயாக் கோயில்கள் அவ்வளவு உயரமாக இருந்தும் உள்ளறைகள் ஏன் அத்தனை குறுகல்?

கூரைதான் காரணம். ரோமானியர் பயன்படுத்தியதுபோல் நடுக்கல்லால் பூட்டப்படும் வளைவு மாயாக் கட்டடக்கலையில் வேரூன்றவில்லை. அதற்குப் பதில், எதிரெதிரான இரண்டு சுவர்களிலும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்று முன்தள்ளி வைத்துக்கொண்டே சென்று, மேலே இடைவெளி ஒரு சாண் அளவுக்குக் குறுகியதும் பட்டைக்கல்லால் மூடினார்கள். முன்தள்ளிய கல் உள்ளே விழாமலிருக்க அதன் பின்புறத்தில் பெரும் எடை அழுத்த வேண்டும். ஆகவே சுவர் தடித்தது, அறை ஒடுங்கியது. அறையின் நீளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். அகலத்தை மட்டும் நீட்ட முடியாது. குவாத்தமாலாவின் திக்கால் நகரில் ஏறத்தாழ 47 மீட்டர் உயரமுள்ள முதலாம் கோயிலின் உச்சியில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சிறிய அறைகளே உள்ளன.

அந்த அறைகளின் வாசல்களுக்கு மேல் வைத்த உத்திரம் கல் அல்ல, மரம். அது நமக்கும் பழக்கமான சப்போட்டா மரம். நம் வீட்டுத் தோட்டத்துச் சப்போட்டாவின் தாயகம் இந்தக் காடுகளே. அதன் பழத்தை உண்ணும் நாம் அதன் கட்டையின் உறுதியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஈரமான வெப்பக்காட்டில் 1200 ஆண்டுகளுக்கு மேலாகியும் சில உத்திரங்கள் செதுக்கல் வேலைப்பாட்டோடு தப்பியுள்ளன. கி.பி. 741ஐ ஒட்டி எழுந்த நான்காம் கோயிலின் செதுக்கிய உத்திரங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மாயாக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் தேவைப்பட்டது. சுவர்ச்சாந்து, தரைப்பூச்சு, சுதை எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புக் கல்லை விறகிட்டுச் சுட்டார்கள்.

எல் காஸ்டியோவில் பாம்பு இறங்குவது திட்டமிட்ட காட்சியா?

யுகத்தான் தீபகற்பத்தில் சிச்சென் இட்சாவின் நடுவே நிற்கும் இந்தப் பிரமிடு உச்சிக் கோயிலோடு சேர்த்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு 91 படிகள்; உச்சி மேடையையும் சேர்த்தால் 365. ஆண்டின் நாட்களைக் கட்டடத்தில் பொறித்தார்கள் என்பதை ஏற்பதில் தயக்கம் தேவையில்லை, ஏனெனில் மாயா மக்களின் நாட்காட்டிக் கணக்கு நமக்குக் கல்வெட்டுகளிலிருந்தே தெரியும்.

நிழல் வேறு விஷயம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளில், மாலைச் சூரியன் பிரமிடின் விளிம்புகளின் நிழலை வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோணங்களாக விழச் செய்கிறது. அவை கீழே உள்ள பாம்புத் தலைகளோடு இணைந்து உடல்போல் தோன்றுகின்றன. ஆயிரக்கணக்கானோர் அன்று கூடுகிறார்கள். ஆனால் அந்த நாளுக்கு முன்னும் பின்னும் பல நாட்கள் ஏறத்தாழ இதே காட்சியைக் காணலாம். ஆகவே ‘ஒரே நாளைத் துல்லியமாகக் காட்டும் கருவி’ என்ற விளக்கம் கட்டடம் தாங்கக்கூடியதைவிடக் கனமானது. பாம்புத் தலைகளை அந்தப் படிக்கட்டில் மட்டும் வைத்திருப்பதால் காட்சியை அவர்கள் அறிந்திருக்கலாம். அதற்குமேல் சொல்வது ஊகம்.

பாலெங்கேயின் கல்லறையில் விண்கலம் செதுக்கப்பட்டுள்ளதா?

இல்லை. மெக்சிகோ தொல்லியலாளர் அல்பெர்ட்டோ ருஸ், அந்நாட்டின் மாயா நகரமான பாலெங்கேயில் கல்வெட்டுக் கோயிலின் தரைப்பலகை ஒன்றில் அடைப்பிட்ட துளைகள் இருப்பதைக் கவனித்தார். தூக்குவதற்காக இட்ட துளைகள் அவை. பலகையைத் தூக்கியபோது கீழே ஒரு படிக்கட்டு, முழுவதும் இடிகற்களால் நிரப்பப்பட்டுக் கிடந்தது. அதை அகற்றிக்கொண்டு இறங்கவே பல பருவங்கள் ஆயின. 1952இல் பிரமிடின் அடியில் கல்லறை அறையை அடைந்தார். கி.பி. 683இல் இறந்த பக்கால் என்ற அரசர் அங்கே பெரிய கற்பேழையில் பச்சைக்கல் முகமூடியோடு இருந்தார். பேழையின் மூடியில் அவர் பாதாளத்துக்கும் உலக மரத்துக்கும் இடையே சாய்ந்த நிலையில் செதுக்கப்பட்டுள்ளார். அதே மரமும் பறவையும் பாலெங்கேயின் மற்றக் கோயில்களிலும் உண்டு. ஒரு சிற்பத்தை மட்டும் தனியே எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பவர்களுக்கே விண்கலம் தெரிகிறது.

இரும்பும் வண்டியும் இல்லாமல் எப்படிக் கட்டினார்கள்?

மெசோஅமெரிக்காவில் சக்கரம் பொருத்திய சிறிய மண்ணுருவங்கள் கிடைத்துள்ளன. எனவே சக்கரம் என்ற கருத்து தெரியாதது அல்ல. வண்டியை இழுக்க மாடோ குதிரையோ அங்கு இல்லை. ஆண்டிஸில் இருந்த லாமா ஏறத்தாழ 30 கிலோ வரை சுமக்கும், பெரிய கல்லை இழுக்காது. ஆக, எல்லாமே மனிதத் தோளிலும் கயிற்றிலும் நடந்தது. அதைச் சாத்தியமாக்கியது உழைப்பைத் திரட்டும் முறை. இன்கா நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் அரசுக்கு முறைவைத்து வேலை செய்ய வேண்டும். அதற்கு ‘மீத்தா’ என்று பெயர். வேலைக்கு வந்தவர்களுக்கு அரசுக் களஞ்சியத்திலிருந்து உணவும் சோள மதுவும் வழங்கினார்கள்.

இன்காச் சுவர்களின் கற்கள் தாள்கூட நுழையாதபடி எப்படிப் பொருந்தின?

கற்களை உருக்கினார்கள், மூலிகைச் சாறால் இளக்கினார்கள் என்றெல்லாம் சொல்வதற்கு முன், கற்களின் மேற்பரப்பை அருகில் சென்று பார்க்க வேண்டும். அதில் சிறு சிறு பள்ளங்கள் நிறைந்திருக்கும். கல்லின் நடுவே பள்ளங்கள் பெரியவை. விளிம்பை நெருங்க நெருங்கச் சிறியவை. நடுப்பகுதியைப் பெரிய சுத்தியல் கல்லாலும், விளிம்பைச் சிறிய கல்லாலும் கொத்தினார்கள் என்பதற்கு இது நேரடித் தடயம்.

கட்டடக் கலைஞர் ழான்-பியேர் புரோட்சன் 1980களில் இதைச் செய்தே பார்த்தார். பழைய கற்சுரங்கங்களில் சிதறிக் கிடந்தவை போன்ற உருண்டையான கடினக் கற்களை எடுத்து, ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையின் சிறிய கல் ஒன்றின் மூன்று பக்கங்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் சமன்செய்தார். சுத்தியல் கல்லை முழு வலுவோடு வீச வேண்டியதில்லை. அதன் எடையை விழவிட்டு, மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் போதும், கல் தானே துள்ளி எழும். பொருத்தும் முறையும் எளியது, ஆனால் பொறுமை வேண்டும். மேலே வரும் கல்லின் அடிப்பக்க வடிவத்தைக் கீழ்க்கல்லின் தலையில் கொத்தி எடுத்து, வைத்துப் பார்த்து, தூசி அழுந்திய இடம் எது என்று கண்டு, மீண்டும் கொத்தினார்கள். இதனால்தான் ஒவ்வொரு கல்லும் தன் அண்டைக்கல்லுக்கு மட்டுமே பொருந்தும்.

இன்காத் தலைநகரான குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சைவமான் கோட்டையின் கோணல்மாணலாக ஓடும் மூன்றடுக்குச் சுவர்களில், சில கற்கள் 100 டன்னைத் தாண்டும். 16ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த ஸ்பானிய வரலாற்றாசிரியர் பெட்ரோ சியேசா தெ லியோன், 20,000 பேர் முறைவைத்து வேலை செய்ததாகவும், அவர்களுள் 4000 பேர் கல் வெட்டியதாகவும், 6000 பேர் தடித்த கயிறுகளால் இழுத்ததாகவும் கேட்டறிந்து எழுதியுள்ளார். ஒயந்தைதம்போவில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மலைச் சுரங்கத்திலிருந்து கோயில்வரை வந்துசேராத பெருங்கற்கள் வழியிலேயே கிடக்கின்றன. உள்ளூர் மக்கள் அவற்றைக் களைத்த கற்கள் என்கிறார்கள்.

சாந்தில்லாத இந்தச் சுவர்கள் உட்பக்கமாகச் சற்றுச் சாய்ந்தவை. வாசல்களும் மாடங்களும் அடியில் அகன்று மேலே குறுகியவை. நிலநடுக்கத்தில் கற்கள் அசைந்து திரும்பவும் தத்தம் இடத்தில் அமரும். 1950இல் குஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்தில், இன்காச் சூரியக் கோயிலின்மேல் ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ மடம் பெரிதும் சேதமடைந்தது. அடியிலிருந்த இன்காச் சுவர்கள் நின்றன.

மச்சு பிக்ச்சுவின் சிறப்பு அதன் இருப்பிடம் மட்டும்தானா?

புகைப்படங்கள் அப்படி எண்ண வைக்கின்றன. ஆனால் அதன் பெரும் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து 2430 மீட்டர் உயரத்தில், இரு சிகரங்களுக்கு இடையிலான முதுகில், ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்யும் செங்குத்துச் சரிவில் ஒரு நகரை நிறுத்துவதென்றால் முதல் எதிரி தண்ணீர். இதை ஆராய்ந்த பொறியாளர் கென்னத் ரைட், கட்டுமான உழைப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலத்துக்கு அடியில் போயிருக்கும் என்று மதிப்பிட்டார். படிவயல்களை வெட்டிப் பார்த்தால் அடியில் பெரிய கற்கள், அதன்மேல் சரளை, பிறகு மணல், மேலே வளமான மண் என்று அடுக்கு தெரிகிறது. மழைநீர் தேங்காமல் வடிந்து, சுவர்களைத் தள்ளாமல் இறங்கிவிடும். இன்னொரு பக்கம், மலைச்சுனையிலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் நீளக் கால்வாய் நீரைக் கொண்டுவந்து, ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்த 16 நீர்த்தாரைகளில் விழச் செய்கிறது.

15ஆம் நூற்றாண்டில் பச்சாகுத்தி என்ற பேரரசரின் தனி மாளிகைத் தோட்டமாக இது எழுந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஹைரம் பிங்கம் 1911இல் ‘கண்டுபிடித்தார்’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அவர் சென்றபோது அங்கே உழவர் குடும்பங்கள் படிவயல்களில் பயிரிட்டுக்கொண்டிருந்தன. குஸ்கோ பகுதியைச் சேர்ந்த அகுஸ்தின் லிசாராகா 1902இலேயே அங்குள்ள சுவரில் தம் பெயரை எழுதிவைத்திருந்தார். பிங்கம் செய்தது உலகுக்கு அறிவித்தது.

மண்ணால் கட்டியவை எவ்வளவு நிலைத்தன?

பெருவின் வடகடற்கரை பாலைவனம். அங்கே சுடாத மண்கற்களே கட்டுமானப் பொருள். மோச்சே மக்களின் வாக்கா தெல் சோல் மேட்டுக்கு 13 கோடிக்கும் மேற்பட்ட மண்கற்கள் ஆகியிருக்கும் என்பது மதிப்பீடு. பல கற்களில் வட்டம், கோடு, பாதத்தடம் போன்ற குறிகள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட குறிகள் இனங்காணப்பட்டுள்ளன. ஒரே குறியுள்ள கற்கள் சுவரின் ஒரே பகுதியில் சேர்ந்து கிடைப்பதால், ஒவ்வோர் ஊராரும் தங்கள் பங்குக் கற்களை எண்ணிக் கொடுக்க இட்ட அடையாளம் என்று கருதப்படுகிறது. பின்னர் புதையல் தேடிய ஸ்பானியர் மோச்சே ஆற்றையே இந்த மேட்டின்மேல் திருப்பிவிட்டு, பெரும்பகுதியைக் கரைத்தார்கள்.

அதற்குச் சற்று வடக்கே சான் சான். சிமு அரசின் தலைநகரான இது ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்த மண்நகரம். உயர்ந்த மதில்களுக்குள் அரண்மனை வளாகங்களும், மதில்களில் மீன், பறவை, வலைக்கண் வடிவப் புடைப்புகளும் கொண்டது. 1470ஐ ஒட்டி இன்காக்கள் இதைக் கைப்பற்றினார்கள். யுனெஸ்கோ 1986இல் இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே ஆண்டில், ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது. வழக்கமாக மழையே இல்லாத இடத்தில் எல் நினோ ஆண்டுகளில் கொட்டும் மழைதான் ஆபத்து.

புல்லால் செய்த பாலம் இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அதே பாலம் அல்ல. இன்காப் பேரரசின் 30,000 கிலோமீட்டருக்கும் மேலான சாலைகள் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளைக் கடந்தது கயிற்றுப் பாலங்களால்தான். அவற்றுள் அபுரிமாக் ஆற்றின்மேல் உள்ள கெஸ்வாச்சாக்கா பாலம் இன்றுவரை பழைய முறையில் தொடர்கிறது. சுற்றியுள்ள நான்கு ஊர்களின் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள்.

‘கோயா’ என்ற மலைப்புல்லை அறுத்து, கல்லால் தட்டி, நீரில் நனைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக்கு மெல்லிய கயிறு திரித்துக் கொண்டுவர வேண்டும். அவற்றைச் சேர்த்து முறுக்கித் தடித்த கயிறாக்கி, அதையும் பின்னி வடமாக்குகிறார்கள். நான்கு வடங்கள் தரைக்கு, இரண்டு கைப்பிடிக்கு. பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, கரையிலுள்ள கல் முளைகளில் புதிய வடங்களை இழுத்துக் கட்டியபின், இரு கரைகளிலிருந்தும் பின்னல்காரர்கள் பக்கவலையைப் பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். மூன்று நாள் வேலை, நான்காம் நாள் விழா. ஏறத்தாழ 28 மீட்டர் நீளமுள்ள இந்தப் பாலத்தின் மரபை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பெருந்தொற்றால் புதுப்பிக்க முடியாமற்போனதில் 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் மீண்டும் கட்டிவிட்டார்கள்.

இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய கட்டடங்கள் உண்டா?

உண்டு, அங்கு வாழ்பவர்களே பலர் அறிவதில்லை. லூசியானாவின் பாவர்ட்டி பாயிண்டில், வேளாண்மை செய்யாமல் வேட்டையாடியும் மீன்பிடித்தும் உணவு தேடியும் வாழ்ந்த மக்கள், 3000 ஆண்டுகளுக்கு முன்பே அரைவட்ட மண்வரப்புகள் ஆறையும் பெரிய மேடுகளையும் அமைத்தார்கள். செயிண்ட் லூயிஸ் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள கஹோக்கியாவின் மங்க்ஸ் மவுண்ட் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள மண்மேடு, கி.பி. 1050ஐ ஒட்டி அந்த நகரம் ஆயிரக்கணக்கான மக்களோடு செழித்தது. மண் முழுவதும் கூடையில் சுமந்து கொட்டப்பட்டது. செயிண்ட் லூயிஸ் நகருக்குள்ளேயே இருந்த பெரிய மேடு ஒன்று 1869க்குள் தோண்டி அழிக்கப்பட்டுவிட்டது.

தென்மேற்கு வறண்ட நிலத்தில், நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் நான்கைந்து மாடிகள் உயர்ந்த புவெப்லோ பொனீட்டோ என்ற அரைவட்டக் கட்டடத்தில் 600க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அதன் உத்திரங்களுக்கான மரங்கள் 70 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மலைகளிலிருந்து சுமந்து வரப்பட்டவை. மர வளையங்களை எண்ணி எந்த ஆண்டில் வெட்டப்பட்டன என்றுகூடக் கூற முடிகிறது. கொலராடோவின் மேசா வெர்டேயில் பாறைக்குடைவுக்குள் அமைந்த கிளிஃப் பேலஸ் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 150 அறைகள் கொண்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் நீண்ட வறட்சி வந்தது, மக்கள் தெற்கே பெயர்ந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களான புவெப்லோ மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்களே இவற்றைக் கட்டினார்கள் என்கிறார்களே? நம் மயனுக்கும் மாயாவுக்கும் தொடர்பு உண்டா?

இந்த வாதம் புதிது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் பலர், வட அமெரிக்க மண்மேடுகளைச் செவ்விந்தியர் கட்டியிருக்க மாட்டார்கள், மறைந்துபோன வேறோர் இனம் கட்டியது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை மக்களின் நிலத்தைப் பறிக்க வசதியாகவும் இருந்தது. சைரஸ் தாமஸ் 1894இல் வெளியிட்ட அறிக்கை, மேடுகளைக் கட்டியவர்கள் அம்மக்களின் முன்னோரே என்று சான்றுகளோடு நிறுவியது. இன்று வேற்றுக்கிரகவாசிகள் அந்த ‘மறைந்த இன’த்தின் இடத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

தமிழ் இணையத்தில் அடிக்கடி வருவது சிற்ப நூல்களின் மயன். ஒலியொப்புமையைத் தவிர கட்டடங்களில் இதற்குச் சான்று இல்லை. மாயா நிலத்தில் கி.மு. 1000ஐ ஒட்டிய மண்மேடைகளிலிருந்து கல் பிரமிடுவரை படிப்படியான வளர்ச்சி, இடைவெளியில்லாமல் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கட்டடக்கலை வந்து இறங்கியிருந்தால் அந்த வரிசையில் எங்காவது திடீர்த் திருப்பம் தெரிய வேண்டும். தெரியவில்லை. அங்கே வாழும் பல இலட்சம் மாயா மக்கள் தங்கள் முன்னோரின் மொழிகளை இன்றும் பேசுகிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னும் புதிதாக ஏதும் கிடைக்கிறதா?

முன்னைவிட வேகமாக. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி, மரங்களினூடே தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் முறை காட்டை மறைப்பாக இருக்க விடுவதில்லை. வடக்குக் குவாத்தமாலாவில் 60,000க்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் தென்பட்டதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் தக்கேஷி இனோமாத்தா குழுவினர் கண்ட அகுவாதா ஃபேனிக்ஸ் மேடை ஏறத்தாழ 1400 மீட்டர் நீளம், கி.மு. 1000க்கும் 800க்கும் இடையே எழுந்தது. உயரம் 10 முதல் 15 மீட்டரே என்பதால், அதன்மேல் மாடு மேய்த்தவர்களுக்கும் அது இயல்பான நிலமாகவே தோன்றியது.

முதன்முறை செல்பவர் எங்கே தொடங்கலாம்? பிரமிடுகளில் ஏற விடுவார்களா?

எல் காஸ்டியோவில் இப்போது ஏற முடியாது. திக்காலின் நான்காம் கோயிலுக்குப் பக்கத்தில் அமைத்த மரப்படிகள் வழியே ஏறிக் காட்டுக்குமேல் மற்றக் கோயில்களின் முடிகளைப் பார்க்கலாம். மச்சு பிக்ச்சுவில் நேரமும் நடைவழியும் குறித்த சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். பருவகாலத்தில் மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அங்குள்ள இந்திவத்தானா என்ற செதுக்கிய பாறையைத் தொட அனுமதி இல்லை. 2000இல் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பில் கருவி விழுந்து அதன் விளிம்பு உடைந்தது.

ஒரே ஒரு நகருக்குத்தான் நேரமும் பணமும் உண்டு என்றால், என் பரிந்துரை மெக்சிகோ நகரம். தியோதிவாகானுக்குக் காலையில் பேருந்தில் சென்று திரும்பிவிடலாம். சோலுலாவும் ஒருநாள் பயணத் தொலைவே. நகரின் நடுவே, பேராலயத்தை ஒட்டி, தெம்ப்ளோ மயோர் உள்ளது. 1978 பிப்ரவரியில் மின்கம்பி புதைக்கத் தோண்டிய தொழிலாளர்கள், உடல் துண்டிக்கப்பட்ட கொயொல்சௌகி தெய்வத்தின் 3 மீட்டருக்கும் அதிகமான விட்டமுள்ள வட்டக்கல்லைக் கண்டதிலிருந்தே அங்கே எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் முழு அகழாய்வு தொடங்கியது. நடைபாதையில் செல்லும்போது, ஒவ்வொரு கட்டத்தின் படிக்கட்டும் அடுத்த கட்டத்துக்குள் புதைந்து நிற்பதை வெட்டுமுகமாகப் பார்க்கலாம். அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும்.